எர்னஸ்ட் ஷாக்கிள்டன் (1874–1922): கிரிட்விக்கன் கல்லறை
மற்றவர்களுடைய கல்லறைகள் கிழக்கு நோக்கியிருக்க, இது மட்டும் தெற்கு நோக்கி, அண்டார்க்டிகாவைப் பார்த்திருக்கிறது. 1928இல் நட்ட கருங்கல்லில் ஒன்பது முனை நட்சத்திரத்தைக் காணலாம்.

ஷாக்கிள்டன் தன் நெஞ்சில் மருத்துவர்கள் காது வைப்பதை எப்போதும் தட்டிக்கழித்தார். ‘நிம்ராட்’ கப்பலில் சென்ற அண்டார்க்டிகா பயணத்திலேயே டாக்டர் எரிக் மார்ஷல் அவரது இதய ஒலியில் கோளாறு இருப்பதைக் கவனித்திருந்தார். ஆனாலும் 1909 ஜனவரி 9இல் தென் துருவத்துக்கு சுமார் 180 கி.மீ. தொலைவு வரை சென்றார் ஷாக்கிள்டன். உடன் வந்தவர்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காக அங்கிருந்தே திரும்பினார். அவர் செய்தவற்றில் ஆகப் பெரியது அந்த முடிவுதான். 1916 மே மாதம், இந்தத் தீவின் பனிமலைகளைத் தோழர்கள் வொர்ஸ்லி, கிரீன் இருவருடன் 36 மணி நேரத்தில் கடந்ததும் இதே இதயத்தோடுதான்.

1921 டிசம்பரில் ரியோ டி ஜெனிரோவில் மாரடைப்பு வந்தது. பரிசோதனைக்கு மறுத்து, ‘குவெஸ்ட்’ கப்பலைத் தெற்கே செலுத்தினார். 1922 ஜனவரி 5 அதிகாலை, இந்தத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் உயிர் பிரிந்தது. ஓய்வெடுக்கச் சொல்லி டாக்டர் மாக்லின் வற்புறுத்திய சிறிது நேரத்தில் அது நடந்தது. வயது 47. இங்கிலாந்துக்குப் புறப்பட்ட உடல், மனைவி எமிலியின் விருப்பப்படி மொண்டெவிடியோவிலிருந்து திரும்பி, மார்ச் 5இல் இங்கே அடக்கமானது.

அருகில் இருப்பது அவருடைய தோழர் ஃபிராங்க் வைல்டின் அஸ்தி, 2011இல் வைக்கப்பட்டது.

வெளியே போகும்போது வேலிக் கதவைச் சாத்திவிடுங்கள். சீல்கள் உள்ளே வந்துவிடும்.