எந்த லிட்டர் விலை அதிகம்? வீட்டு பீர் தயாரிப்பில் வோர்ட் இழப்பின் கணக்கு

1978 அக்டோபர் 14 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் தயாரிக்கும் பீருக்கு வரிவிலக்கு தந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்க அனுமதி இல்லை. வீணாவதற்கு விற்பனையில் ஈடு தேட வழியில்லாததால், சிக்கனம் முழுவதும் தயாரிப்பவரின் கையில்தான் இருக்கிறது.

அங்கே வழக்கமாக ஒரு முறை காய்ச்சும் அளவு, அதாவது ஒரு தவணை, 5 காலன், சுமார் 19 லிட்டர். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். அதைக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிகலனில் நொதிக்கவிட்டால் பீர். 4.5 கிலோ மால்ட்டும் 31 லிட்டர் நீரும் கொண்டு தொடங்கும் மாதிரித் தவணை ஒன்றின் நீர்க் கணக்கு இது:

சக்கை உறிஞ்சியது: 4.5 லிட்டர்
ஊறல் பாத்திரத்தின் அடியில் நின்றது: 1.0
ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியானது: 3.5
கொதிபாத்திர வண்டலோடு போனது: 2.0
குளிர்விக்கும் குழாய், பம்பில் தங்கியது: 0.5
நொதிகலனின் அடியில் ஈஸ்டோடு நின்றது: 1.5
புட்டியில் அடைத்தது: 18.0

13 லிட்டர் காணோம். பலரும் இந்த 13-ஐ ஒரே இழப்பாகப் பார்த்து, பெரிய எண்ணான சக்கையோடு முதலில் மல்லுக்கு நிற்கிறார்கள். லிட்டரில் எண்ணுவதால் வரும் கோளாறு அது. எண்ண வேண்டியது சர்க்கரையை.

நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.050 உள்ள வோர்ட் ஒரு லிட்டரில் 50 புள்ளி சர்க்கரை இருப்பதாகக் கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். ஒரு கிலோ நல்ல மால்ட் ஏறக்குறைய 300 புள்ளி தரவல்லது; 4.5 கிலோவுக்கு 1,350. கொதித்து ஆறிய பின் பாத்திரத்தில் 1.050 அடர்த்தியில் 22 லிட்டர் இருந்தால் 1,100 புள்ளி கைக்கு வந்துவிட்டது. கொதிக்கும் முன் அதே 1,100 புள்ளிதான் 25.5 லிட்டரில் 1.043 அடர்த்தியாக இருந்தது. ஆவியான 3.5 லிட்டர் வெறும் நீர். சர்க்கரை ஒரு புள்ளிகூட குறையவில்லை. சூட்டில் 22.9 லிட்டர் காட்டும் கோடு ஆறியதும் 22-க்கு இறங்குவதும் இழப்பல்ல, 4 சதவீதச் சுருக்கம்.

மீதி 250 புள்ளி எங்கே? கடைசியாக வடியும் சாறு 1.024 இருந்தால், சக்கையிலும் பாத்திரத்தடியிலும் நிற்கும் 5.5 லிட்டரில் 132 புள்ளி. எஞ்சிய 118 மால்ட்டை விட்டு வெளியே வரவே இல்லை. எந்த அளவுகோலிலும் தெரியாத இழப்பு அது. மால்ட்டைச் சரியாக உடைக்காததே பெரும்பாலும் காரணம். அரைவையைச் சற்று நெருக்கி 50 புள்ளி மீட்டால், ஒரு லிட்டர் முழு வோர்ட் கூடுதலாகக் கிடைத்தது போல.

இப்போது விலை. கணக்குக்காக மால்ட் 18 டாலர், ஹாப்ஸ் 6, எரிவாயு 3, ஈஸ்ட் 5, மொத்தம் 32 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சக்கையில் நிற்கும் ஒரு லிட்டரின் மால்ட் மதிப்பு 32 சென்ட். கொதிபாத்திரத்தில் விடும் லிட்டரில் ஹாப்ஸும் எரிவாயுவும் ஏறிவிட்டதால் 1 டாலர் 23 சென்ட். நொதிகலனில் விடும் லிட்டர் 1 டாலர் 64 சென்ட். படி ஏற ஏற ஒவ்வொரு லிட்டரும் விலை ஏறுகிறது. எனவே சிக்கனம் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

நொதிகலன்: நொதிப்பு முடிந்ததும் இரண்டு நாள் 1 முதல் 3 டிகிரி குளிரில் வைத்தால் ஈஸ்ட் இறுகிப் படியும். 1.5 லிட்டர் இழப்பை 1.0 ஆக்கலாம்.

குழாய்: 12.7 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய், மீட்டருக்கு 127 மில்லிலிட்டர் பிடிக்கும். நீளத்தைக் குறைத்து, பாத்திரத்தை உயர்த்தி முழுக்க வடியவிட்டால் 0.5 லிட்டர் 0.2 ஆகும்.

கொதிபாத்திரம்: 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் வெளிவாய் 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்குக் கீழே 2.5 லிட்டர் நிற்கும். ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் பாதி. அடி வரை வளைந்து செல்லும் உறிஞ்சுகுழாய் ஒன்று போதும். வோர்ட்டைக் கரண்டியால் சுழற்றிவிட்டு 15 நிமிடம் காத்திருந்தால் வண்டல் நடுவில் குவியும்; ஓரத்திலிருந்து தெளிவாக எடுக்கலாம். 2.0 லிட்டர் 1.0 ஆகும். அந்த ஒரு லிட்டரையும் மூடிய புட்டியில் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் மேலே தெளிவு நிற்கும். 700 மில்லிலிட்டர் தெளிவோடு 300 நீர் சேர்த்தால் அடர்த்தி 1.035. அதைக் கொதிக்கவைத்து ஆற்றினால், அடுத்த தவணையின் ஈஸ்டைப் பெருக்க ஏற்ற சாறு.

மொத்தத்தில் பின்படிகளின் இழப்பு 4 லிட்டரிலிருந்து 2.2-க்கு இறங்கும். 330 மில்லிலிட்டர் புட்டிகள் 54-லிருந்து 60 ஆகும். லிட்டர் அடக்க விலை 1 டாலர் 78 சென்ட்டிலிருந்து 1 டாலர் 62 சென்ட்டுக்கு வரும்.

சக்கையை எவ்வளவு பிழியலாம்? துணிப்பையில் ஊறவைப்பவர்கள் பிழிந்து, கிலோவுக்கு 1 லிட்டர் உறிஞ்சலை 0.6 ஆக்க முடியும். 4.5 கிலோவில் 1.8 லிட்டர் மீட்பு என்றாலும், 1.024 அடர்த்தியில் அது 43 புள்ளி, 58 சென்ட்தான். நீர் ஊற்றி ஊற்றிக் கழுவுவதற்கும் எல்லை உண்டு: வடியும் சாறு 1.010-க்குக் கீழே போனால் அமிலத்தன்மை குறைந்து, உமியின் துவர்ப்பு ஏறும். சுவையைக் கொடுத்து வாங்கும் லிட்டர் எந்த விலைக்கும் லாபமல்ல.

சக்கையில் அல்ல, பின்படிகளில் மீட்ட 1.8 லிட்டரின் மதிப்பு, தவணைக்கு 2 டாலர் 42 சென்ட். உறிஞ்சுகுழாய்க்கும் புதுக் குழாய்க்கும் 20 டாலர் செலவானால் ஒன்பதாம் தவணையில்தான் முதல் திரும்பும். சுழற்றிவிட்டுக் காத்திருப்பதும், பாத்திரத்தைச் சாய்ப்பதும் இலவசம். அவற்றை முதலில் செய்ய வேண்டும். சிறு தவணைக்காரர்களுக்கு அவசரம் அதிகம்: பாத்திரத்தடியில் நிற்கும் அதே 2 லிட்டர், 22 லிட்டரில் 9 சதவீதம், 10 லிட்டரில் 20 சதவீதம்.

பாத்திரங்களில் அளவு பார்க்க லிட்டர் கோடு போட்ட மரக்குச்சியும் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் அளவையும் அடர்த்தியையும் அருகருகே எழுதுங்கள். இழப்பு முழுதாக ஒழியாது. ஆனால் தவணைக்குத் தவணை ஒரே எண்ணாக நின்றுவிட்டால், அதற்கும் சேர்த்தே மால்ட் நிறுக்கலாம். குறித்த அடர்த்தியில் குறித்த அளவு பீர் தவறாமல் கிடைக்கும்.