மதிலும் அகத்தாரும்



மதிலை வளைத்துப் போரிடுவோர் உழிஞை சூடுவர். மதிலைக் காத்து நிற்போர் நொச்சி சூடுவர். புறத்திணை படிப்பிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கடந்துவிடுவேன். கல்குடாவில் வளர்ந்த என் மாணவர்களுக்குக் கடல் தெரியும், களப்புத் தெரியும். மதில் சூழ்ந்த ஊர் எப்படியிருக்கும் என்று தெரியாது. மட்டக்களப்பிலே கோட்டை உண்டுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்ட, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஆனால் அது காவற்கோட்டை. பிற்காலத்தில் கச்சேரி இயங்கிய இடம். அதற்குள் ஊரில்லை. ஆகவே உயர்தர வகுப்பு மாணவரைக் காலிக்கு அழைத்துச் சென்றேன்.

காலிக் கோட்டையை இடைக்கால நகரம் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் பொருந்தாது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே போர்த்துக்கேயர் தொடங்கிய அரண் அது. 1640இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கடலுக்குள் நீண்ட அந்த நிலத்தைச் சுற்றிலும் மதிலால் வளைத்தனர். தரைப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள். பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டும், ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும், அதன்மேல் ஒரு சேவலும் பொறிக்கப்பட்டுள்ளன. காலி என்ற ஊர்ப்பெயர் போர்த்துக்கேயர் காதில் சேவலைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லாக விழுந்ததாம். பெயர் மயக்கமும் கல்லில் ஏறி நிலைத்துவிடுகிறது, பாருங்கள்.

1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது. ஆனால் என்னைக் கவர்ந்தவை கற்களல்ல. உள்ளே வீடுகள் இருக்கின்றன. 1755இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் ஒருபுறம், பௌத்த விகாரை ஒருபுறம், பள்ளிவாசல் ஒருபுறம். திண்ணையில் ஒரு மூதாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஊர் குடியிருப்பதாலேயே மதிலும் பிழைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வள்ளுவர் அரண் என்றொரு அதிகாரமே வகுத்தார். பகைவர் கைப்பற்ற அரியதாய், வேண்டிய உணவை உடையதாய் இருந்தால் மட்டும் போதாது. அகத்தார் நிலைத்திருக்க எளியதாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மதில்மேல் நின்று இதை விளக்கினேன். அப்படியே 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கு வந்தேன். ஆழிப்பேரலை அன்று காலியைத் தாக்கியபோது, ஒல்லாந்தர் பீரங்கிகளுக்கெனக் கட்டிய இம்மதில் உள்ளே இருந்தவர்களைப் பெரிதும் காத்தது. மதிலுக்கு அப்பால் பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நீரில் மூழ்கின. எத்தனையோ உயிர்கள் போயின.

ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வெளிய நின்ற சனத்துக்கு இந்த மதிலால என்ன பிரயோசனம்?"

எனக்கு விடை வரவில்லை. அவள் பிறக்குமுன்னே அதே நாளில் எங்கள் கல்குடாக் கரையிலும் அலை ஏறியது. எங்களுக்கு மதில் இல்லை. நாங்கள் அனைவருமே புறத்தார். நொச்சியை எத்தனையோ வருடம் படிப்பித்த எனக்கு, அரணுக்கு வெளியே நிற்பவனின் நிலை அன்றுதான் இலக்கியக் கேள்வியாகவும் தோன்றியது. அகத்தார் என்று நாம் யார் யாரை எண்ணுகிறோம்?

திரும்பும் வழியில் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இறங்கினோம். போர்த்துக்கேயர் தொடங்கிய அந்த அரணுக்கு ஏறத்தாழ நூற்றெண்பது வருடம் மூத்த கல்லொன்று அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 1911இல் காலி நகரில் மதகொன்றை மூடிய கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு.

எழுத்துகள் தேய்ந்துவிட்டன. ஆயினும் அந்த மாணவி தமிழ்ப் பகுதியைத் தேடிக் கண்ணாடிக்கு அருகே வெகுநேரம் நின்றாள். மதில் எழுமுன் அந்தத் துறைமுகத்தில் அகத்தார், புறத்தார் என்ற கணக்கு வேறாயிருந்தது என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன். அவள் கேள்விக்கு அது முழு விடையன்று. ஆனால் அடுத்த தடவை நொச்சியைப் படிப்பிக்கும்போது, அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.