தாமரை இலையும் குடுவைச் செடியும்... மருத்துவக் குழாய்க்குச் சொல்லும் பாடம்!

ஆவடி, பூவிருந்தவல்லி பக்கம் நெல்லுக்கு மருந்து தெளித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மருந்தை அளவாகக் கலந்துதான் அடிப்பார்கள். ஆனால், துளிகள் இலையில் தங்காமல் முத்து முத்தாக உருண்டு சேற்றில் விழுந்துவிடும். வாய்க்கால் ஓரத்துச் சேம்பு இலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருந்துக்குக் கொடுத்த காசு மண்ணோடு போகும்.

விவசாயிக்குத் தலைவலியாக இருக்கும் இந்தக் குணத்தைத்தான் மருத்துவ உலகம் வரமாகப் பார்க்கிறது.

மேடும் மெழுகும்

'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதன் காரணத்தை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியவர், ஜெர்மனியில் உள்ள பான் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். 1997-ம் ஆண்டு வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை உலகப் புகழ்பெற்றது. தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள் உண்டு. அவற்றின் மேல் மெழுகு படிந்திருக்கும். தண்ணீர்த் துளி மேட்டின் நுனியை மட்டும்தான் தொடும். இடையில் இருப்பதெல்லாம் காற்று. அதனால் துளி உருண்டோடும். போகும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகும்.

குழாயில் என்ன சிக்கல்?

சொட்டுநீர்க் குழாயில் பாசி படிந்து அடைத்துக்கொள்வது போலவே, உடம்புக்குள் வைக்கும் குழாய்களிலும் படிவு உண்டாகும். சிறுநீர்க் குழாயில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக் மருந்தால் எளிதில் அழிக்க முடியாது. ரத்தம் ஓடும் குழாயில் ரத்தம் உறையும். அதைத் தடுக்க ஹெபாரின் மருந்து கொடுத்தால், ரத்தக்கசிவு அபாயம் வரும். எண்டோஸ்கோப் லென்ஸில் ரத்தம் படிந்தால் டாக்டரின் பார்வையே மறையும்.

தாமரை வழி மட்டும் இதற்குப் போதாது. ரத்தத்தில் புரதம் இருப்பதால், அது மேடுகளுக்கு இடையில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ஒட்டிக்கொள்ளும்.

எறும்பை வழுக்கும் செடி

இங்கேதான் குடுவைச் செடி வருகிறது. நம் நாட்டில் மேகாலயா மலைகளில் இது இயற்கையாக வளர்கிறது. குடுவையின் விளிம்பில் உள்ள நுண்ணிய பள்ளங்களில் ஈரம் மெல்லிய படலமாகத் தங்கும். அதில் கால் வைத்த எறும்பு வழுக்கி உள்ளே விழுந்து, செடிக்கு இரையாகும். காற்றுக்குப் பதில் திரவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பார்த்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜோனா ஐசென்பெர்க் குழுவினர், திரவம் தங்கிய வழுக்குப் பரப்பை 2011-ல் உருவாக்கினார்கள். அதே வழியில், மருத்துவக் குழாய்களுக்கான பூச்சு 2014-ல் வந்தது. அதைப் பூசிய குழாய்களைப் பன்றிகளின் ரத்த நாளத்தில் இணைத்துப் பார்த்தபோது, ஹெபாரின் கொடுக்காமலே 8 மணி நேரம் ரத்தம் உறையாமல் ஓடியது. கிருமிகளும் அதில் ஒட்ட முடியாமல் திணறின. 2016-ல் எண்டோஸ்கோப் லென்ஸுக்கும் இதே முறையைச் சோதித்துக் காட்டினார்கள்.

இன்று வீட்டில் செய்ய வேண்டியது

படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாகப் பொருத்துவது சாதாரண லேட்டக்ஸ் அல்லது சிலிக்கான் குழாய்தான். அதில் குடுவைச் செடியின் வித்தை கிடையாது. கவனிப்பவரின் கைதான் காவல். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைப்பைத் தேவையில்லாமல் கழற்றக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, சிறுநீர் கலங்கலாக வருதல், வராமல் நின்றுபோதல்... இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயலுக்கு நேர்மாறான வேலை. அங்கே மருந்து இலையில் ஒட்ட வேண்டும். நெல், சேம்பு, முட்டைக்கோஸ், வெங்காயம் போன்ற மெழுகு இலைப் பயிர்களுக்குத் தெளிக்கும்போது, மருந்து லேபிளில் மறுப்பு ஏதும் இல்லையென்றால், ஒட்டும் திரவத்தை லிட்டருக்கு அரை முதல் 1 மில்லி வரை கலந்துகொள்ளலாம். முதலில் நாலு இலையில் அடித்துப் பாருங்கள். துளி உருளாமல் படர்ந்தால், காசு வீணாகவில்லை என்று அர்த்தம்!