டர்போ காரில் குழாய் கழன்றால்...

ஸ்ரீவராகம் கோயில் குளத்தருகே விடியற்காலையில் சவாரி ஏற்றிக்கொண்டு, ஒரு டீசல் வாடகைக் கார் நாகர்கோவிலுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெய்யாற்றின்கரை தாண்டி ஓர் ஏற்றத்தில், முன்னே போகும் லாரியை முந்துவதற்காக டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். ‘டப்’ என்று ஒரு சத்தம்! பின்னால் கரும்புகை. வண்டி இழுக்க மறுக்கிறது. “டர்போ போய்விட்டது” என்று பதறுகிறார் அவர். அன்றைய பேட்டாவும் போயிற்று. முதலாளியின் வசவும் காத்திருக்கிறது.

ஆனால், பல சமயங்களில் டர்போவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு ரப்பர் குழாய் கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

அரிசி மூட்டையின் பாரம்

வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மறு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவதே டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தத்தால் சூடான காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து எஞ்சினை அடைகிறது. வழியிலுள்ள இணைப்புகளில் ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாய்கள்.

குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. என்றால், அதன் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் வந்தால், குழாயைக் கழற்றத் தள்ளும் விசை 20 கிலோ! ஓர் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போலத்தான். அதைத் தாங்குவது ஒரு சிறிய கிளிப்.

ஏன் கழல்கிறது?

முதல் எதிரி எண்ணெய். எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி குழாயினுள் படிந்து, வாயை வழுக்க வைக்கிறது. கிளிப் இடம் மாறி இருப்பது, பழைய ரப்பர் இறுகிப்போவது, எஞ்சின் மவுண்டிங் தளர்ந்து எஞ்சின் ஆடுவது ஆகியவை மற்ற காரணங்கள்.

செய்ய வேண்டியவை

எஞ்சின் ஆறிய பிறகே கை வையுங்கள். குழாயின் உட்புறத்தையும் இரும்பு முனையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். சுலபமாக நுழையட்டும் என்று கிரீஸ் தடவவே கூடாது.

இரும்பு முனையில் ஒரு மேடான வளையம் உண்டு. குழாய் அதைத் தாண்டி உள்ளே போகவேண்டும். கிளிப் அந்த மேட்டின் மீது அல்ல, அதற்கு அப்பால் உட்கார வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் பல் ரப்பரை அறுத்துவிடும். அழுத்தம் மிகுந்த இடத்தில், சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் போல்ட் கிளாம்ப் நல்லது. சில நாள் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். சில புதிய கார்களில் திருகு இல்லாமல் கம்பிப் பூட்டும் ரப்பர் வளையமும் இருக்கும். அங்கே வளையத்தை மாற்றுவதே வழி.

கழன்ற குழாயோடு ஓட்டிச் செல்லாதீர்கள். வடிகட்டாத தூசி எஞ்சினுக்குள் போகும். டர்போவும் அளவுக்கு மீறிச் சுழலும். அப்போதுதான் உண்மையான செலவு வரும்.

எனவே, டர்போவை மாற்றவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், “முதலில் குழாய்களைப் பாருங்கள்” என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்த ஒரு கேள்வி ஒரு மாதச் சம்பளத்தையே மிச்சப்படுத்தலாம்.