டபோலிமின் காலைப் பொழுது யாருக்கு?

வார நாளில் காலை பத்து மணிக்கு கோவாவில் விமானம் விட்டு இறங்குவது பல ஆண்டுகளாக நடக்காத காரியமாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8.30 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை, டபோலிம் ஓடுபாதை கடற்படையின் பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும் பயணி விமானம் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும், அல்லது மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு வர வேண்டும்.

டபோலிம் முதலில் கடற்படைத் தளமாகக் கட்டப்பட்டதல்ல. 1950களில் போர்த்துகீசிய அரசு அமைத்த விமான நிலையம் அது. 1961 டிசம்பரில் இந்திய விமானப்படையின் கான்பெரா விமானங்கள் அதன் ஓடுபாதையில் குண்டு வீசின. ஆனாலும் சேதமடைந்த அதே ஓடுபாதையிலிருந்து இரண்டு பயணி விமானங்கள் இருட்டில் கிளம்பி கராச்சிக்குத் தப்பிவிட்டன. கோவா இந்தியாவோடு சேர்ந்ததும், 1962இல் நிலையம் கடற்படையின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் அருகே சூலூரில் இயங்கிவந்த ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படை விமானத் தளம் 1964இல் டபோலிமுக்குக் குடிபெயர்ந்தது.

அப்போது யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியவில்லை. 1980களில் ஐரோப்பாவிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நேரடி விமானங்கள் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஹோட்டல்களும் டாக்ஸிக்காரர்களும் கடற்கரைக் கடைகளும் அந்த விமானங்களை நம்பி வளர்ந்தன. ‘போர்த்துகீசியர் காலத்தில் பயணிகளுக்காக இருந்த நிலையம்தானே, எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள்’ என்ற குரல் கோவாவில் எழுந்தது. தெற்கே கார்வாரில் பெரிய கடற்படைத் தளம் உருவானபோது, ஹன்சாவையும் அங்கே கொண்டுபோகலாமே என்றார்கள்.

கடற்படையின் தரப்பிலும் நியாயம் உண்டு. விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்தில் ஏறி இறங்கப் பழகுவது விமானிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்காகவே கப்பலின் முகப்பைப் போல மேல்நோக்கி வளைந்த ஏறுதளமும், இறங்கும் விமானத்தைக் கம்பியால் பிடித்து நிறுத்தும் அமைப்பும் ஹன்சாவில் கட்டப்பட்டிருக்கின்றன. தேஜஸ் விமானத்தின் கடற்படை வடிவம் 2014 டிசம்பரில் அங்கேதான் முதன்முதலாக அந்த வளைதளத்திலிருந்து பறந்தது. 2019 செப்டம்பரில் கம்பியைப் பிடித்து இறங்கியதும் அங்கேதான். இத்தனையையும் பெயர்த்து வேறிடத்தில் நடுவது எளிதல்ல.

இரண்டு வகை விமானங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். போர் விமானம் ஒருமுறை ஏறிப் போய் ஒருமுறை இறங்குவதோடு நிற்பதில்லை. விமானிக்குப் பயிற்சி கொடுக்க அது தரையைத் தொட்டுத் தொட்டு மேலெழும். திரும்பத் திரும்ப வட்டமடிக்கும். எரிபொருள் குறைந்த நிலையில் திரும்பும் போர் விமானத்தை வானில் காத்திருக்கச் சொல்லவும் முடியாது. பயணி விமானமோ அட்டவணைப்படி ஓடுவது; ஓரிடத்தில் தாமதித்தால் அன்றைக்கு அது போகவேண்டிய மற்ற ஊர்களிலும் தாமதம். காலை அடைபட்டதால் விமானங்கள் பிற்பகலிலும் இரவிலும் குவிந்தன.

தவிர, அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை. 2016 டிசம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்று புறப்படும் நேரத்தில் பாதையை விட்டு விலகியபோது நிலையமே பல மணி நேரம் முடங்கியது. 2018 ஜனவரியில் கடற்படையின் மிக்-29கே விமானம் ஓடுபாதையிலிருந்து விலகித் தீப்பிடித்தபோதும் அதே கதிதான். யார் வீட்டு விபத்தானாலும் இரு வீட்டுக்கும் கதவடைப்பு.

இந்தியாவில் இப்படிப் பங்கிட்டு நடக்கும் நிலையங்கள் பல: புனே, ஸ்ரீநகர், லே, சண்டிகர், பாக்டோக்ரா. முனையக் கட்டடத்தை இந்திய விமான நிலைய ஆணையம் பார்த்துக்கொள்ளும். ஓடுபாதை படையினரிடம் இருக்கும். 2021 அக்டோபரில் ஓடுபாதையைச் செப்பனிட புனே நிலையம் 14 நாட்கள் மூடப்பட்டபோது, நகரத்துக்கு விமானமே இல்லாமல் போயிற்று. செப்பனிடுவது அவசியம்தான். ஆனால் எந்த மணி யாருக்கு, அவசரத்தில் யார் விட்டுக்கொடுப்பது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதெல்லாம் பொதுமக்கள் படித்துப் பார்க்கக்கூடிய ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பயணச்சீட்டு வாங்குகிறவருக்கும் பாதுகாப்புக்கு வரி கட்டுகிறவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

கோவா தேர்ந்தெடுத்தது வேறு வழி. வடக்கே மோபாவில் புதிய நிலையம் கட்ட மத்திய அமைச்சரவை 2000ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கொடுத்தது. சுற்றுச்சூழல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில், பாதுகாப்பு அமைச்சராகவும் கோவா முதல்வராகவும் இருந்த மனோகர் பாரிக்கரின் பெயரோடு 2022 டிசம்பரில் திறப்பு விழா நடந்தது. 2023 ஜனவரியில் விமானங்கள் பறக்கத் தொடங்கின.

அதன் பிறகு சண்டை கோவாவுக்குள்ளேயே திரும்பியது. 2024இல் கத்தார் ஏர்வேஸ் டபோலிமை விட்டு மோபாவுக்கு மாறியதும், தெற்கு கோவாவின் ஹோட்டல்காரர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் பதறினார்கள். டபோலிமில் பயணி விமானங்கள் குறைந்துகொண்டே போய் ஒருநாள் நின்றுவிடுமோ என்பது அவர்கள் அச்சம். டபோலிம் மூடப்படாது என்று அரசு சொல்லிவருகிறது. கிழக்குக் கரையில் விசாகப்பட்டினத்தின் நிலையமும் கடற்படையுடையதுதான். அந்த நகரத்துக்காகவும் போகாபுரத்தில் தனி விமான நிலையம் கட்டும் வேலையில் இறங்கியது ஆந்திரா.