பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பெரிய கேபினெட்டுக்கு மாற்றலாமா?

ஆவடியில் இருக்கும் அக்கா பையன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் என் வீட்டுக்கு வந்தான். கையில் பெரிய துணிப்பை. உள்ளே டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, எஸ்எஃப்எஃப் என்று சொல்லும் ஒல்லி மாடல். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 6,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். இன்னொரு அட்டை டப்பாவில் நண்பனிடம் 5,000 கொடுத்து வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. இது அதுக்குள்ள போகாது என்பது இரண்டையும் வாங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"மாமா, போர்டை மட்டும் கழட்டி ஒரு பெரிய கேபினெட்ல போட்டுட்டா முடிஞ்சுதுல்ல?"

அக்கா அவனுக்குக் கொடுத்தது மொத்தம் 20,000. சீட்டு எடுத்த பணம். மீதி இருப்பது 8,500. அதுக்குள்ள முடிக்கணும், போர்டும் புகையக் கூடாது. நானோ மென்பொருள் ஆள். சோல்டரிங் அயர்னைக் காலேஜ் லேபோடு விட்டவன். "முடிஞ்சுதுல்ல" என்ற கேள்விக்குச் சரியான பதில் தேட இரண்டு வாரம் ஆச்சு. அந்தக் குறிப்புகள்தான் இவை.

ஏன் இவ்வளவு மலிவு?

இந்த மெஷினில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-4590. 2014-ல் வந்த நான்காம் தலைமுறை சிப். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆபீஸ்களுக்கு இது போதும். நன்றாக ஓடும் மெஷினையும் கழித்துவிடுவார்கள்.

இதில் நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ஹைவேயில் நேராகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2007-ல் டெல் தன் தொழிற்சாலையைத் திறந்தது. நம் கைக்கு வரும் பழைய மெஷின்களில் சில இதே ரோட்டில் கிளம்பிப் போனவையாகக்கூட இருக்கலாம்.

கேபினெட் என்பது ஓர் உடன்பாடு

நமக்கு அசெம்பிள்ட் செட் பழகிவிட்டது. ஒரு கடையில் போர்டு, இன்னொரு கடையில் கேபினெட், மூன்றாவது கடையில் எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் எல்லாம் பொருந்துகிறது. காரணம், 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற தரம். திருகு ஓட்டைகள் எங்கே இருக்கணும், பின்பக்க ஜன்னல் எந்த அளவு, கரண்ட் கொடுக்கும் பிளக்கில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், எல்லாம் அதில் எழுதி இருக்கிறது. 1997-ல் அதன் சின்னத் தம்பியாக மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம்.

கவனிக்க வேண்டியது, இது யார் மீதும் கட்டாயம் இல்லை. போர்டு, பெட்டி, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் தானே வடிவமைத்து ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு இந்த உடன்பாடு தேவையே இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் என் அக்கா பையன் இல்லை, ஒரு ஐடி டிபார்ட்மென்ட். இடத்தை அடைக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது, ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றணும். அதற்காக வடிவமைத்த பொருள், அந்த வேலையில் குறை சொல்லவே முடியாது. நாம்தான் அதை வேறு வேலைக்கு இழுக்கிறோம்.

முதல் சிக்கல்: உயரமும் கரண்ட்டும்

ஒல்லி மாடலில் பாதி உயரக் கார்டுதான் போகும். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு சுமார் 120 மி.மீ., பாதி உயரக் கார்டுக்குச் சுமார் 80 மி.மீ. இது கண்ணுக்குத் தெரிகிற சிக்கல். கண்ணுக்குத் தெரியாதது கரண்ட்.

பையன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். மெஷினின் எஸ்எம்பிஎஸ் 255 வாட். பிராசஸர் 84, கார்டு 120. மொத்தம் 204. மீதி 51 இருக்கே மாமா?

கூட்டல் சரி, பாதை தப்பு. போர்டில் இருக்கும் ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம். அதுக்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகத் தனிக் கம்பி வரணும். 1060-க்கு 6 முனை பிளக். ஆபீஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கம்பியே கிடையாது. சாட்டா கம்பியிலிருந்து இழுத்துக் கொடுக்கும் மாற்றி ஒன்று 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்காகப் போட்ட மெல்லிய பாதை அது; கார்டு முழு வேகத்தில் ஓடும்போது பிளக் உருகும்.

1060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 400 வாட் எஸ்எம்பிஎஸ். ஆகவே அதையும் மாற்றியே ஆகணும்.

இரண்டாவது சிக்கல்: பிளக்கே வேறு

சாதாரண போர்டுக்கு 24 முனை பிளக். 9020 போர்டில் இருப்பது 8 முனை. அதே காலத்து எச்பி எலைட்டெஸ்க் சிலவற்றில் 6 முனை. லெனோவா திங்க்சென்டர் சிலவற்றில் 14.

இதை வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் நானும் நினைத்தேன். படித்துப் பார்த்தால் பொறியியல் காரணம் இருக்கிறது. ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 என்று பல வோல்ட்டுகளைத் தானே தயாரித்து அனுப்பும். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் 12 வோல்ட். மற்றவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் போர்டே 12-லிருந்து தயாரித்துக்கொண்டால் எஸ்எம்பிஎஸ் எளிமையாகும், சும்மா இருக்கும் நேரத்தில் வீணாகும் மின்சாரமும் குறையும். நாள் முழுக்க ஆயிரம் மெஷின் ஆன் பண்ணி வைக்கிற ஆபீஸுக்கு அது பெரிய காசு. பிற்பாடு இன்டெலே இதே யோசனையை ஏடிஎக்ஸ்12விஓ என்று 10 முனை பிளக்கோடு பொதுத் தரமாக வெளியிட்டது.

நமக்கு இதனால் கிடைக்கும் பாடம் ஒன்று. 24 முனையை 8 முனையாக மாற்றும் கம்பி கடையில் இருக்கிறது. ஆனால் மாடல் எண் சொல்லித்தான் வாங்கணும். சில போர்டுகளுக்கு மெஷின் அணைந்திருக்கும்போது வேண்டிய வோல்ட்டே வேறு, அதற்காகக் கம்பிக்குள் சின்ன சர்க்யூட் வைத்திருப்பார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பிளக் உள்ளே போவதும் வோல்ட் பொருந்துவதும் ஒன்றல்ல.

மூன்றாவது: சின்னச் சின்ன விலகல்கள்

பவர் பட்டன்: புது கேபினெட்டின் கம்பி டெல் போர்டில் அப்படியே உட்காராது. பழைய பட்டனைக் கழற்றி மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, அழுத்தும்போது எந்த இரண்டு கம்பி சேருகிறது என்று கண்டுபிடித்தோம். அந்த இரண்டோடு புதுப் பட்டனை இணைத்தால் போதும்.

முன்பக்க யுஎஸ்பி: அந்தக் கேபிளைக் காணாவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் மெஷின் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். பழைய யுஎஸ்பி பலகையையே புதுப் பெட்டிக்குள் ஓர் ஓரமாக ஒட்டிவைத்தோம்.

பிராசஸர் விசிறி: பல ஆபீஸ் மெஷின்களில் கூலரின் திருகு போர்டைத் தாண்டிப் பெட்டியின் தகட்டில் இறங்கும். பெட்டி போனால் பிடிமானமும் போச்சு. பின்பலகையோடு வரும் புது கூலர் வாங்க வேண்டியதாயிற்று. டெல்லின் விசிறி பிளக் வரிசையும் வேறு, அதற்கும் ஒரு குட்டி மாற்றி.

பின்பக்கத் தகடு: பழைய பெட்டியோடு ஒட்டியே வந்தது, தனியாகக் கழறாது. பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை அளவாக வெட்டி மூடினோம். அழகாக இல்லை. ஆனால் நம்ம ஊரில் அந்த ஜன்னலைத் திறந்து விட்டால் பல்லி குடியேறிவிடும்.

நான் செய்த தப்பு

எல்லாம் மாட்டிப் பட்டனை அழுத்தினால், விசிறி கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். அதேதான். பையன் ஒன்றும் பேசவில்லை. அக்கா முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அரை மணி நேரம் பிளக்கையே சந்தேகப்பட்டேன். கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு பித்தளைக் கால். கேபினெட்டில் ஏற்கெனவே மாட்டி வந்தது. ஏடிஎக்ஸ் போர்டாக இருந்தால் அங்கே ஓட்டை இருக்கும். இந்த போர்டில் அந்த இடத்தில் ஓட்டை இல்லை, சோல்டர் முனைகள் இருக்கின்றன. கால் அதில் முட்டி ஷார்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் என்பதால் உடனே தன்னை அணைத்துக்கொண்டது, போர்டு பிழைத்தது. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

எனவே போர்டை இறக்கும் முன் கேபினெட்டின் எல்லாக் கால்களையும் கழற்றிவிடுங்கள். போர்டின் ஓட்டைக்கு நேரே வருவதை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ஆதாரம் இல்லாத மூலைக்கு நைலான் கால் போதும்.

கணக்கு

கேபினெட் 2,800. எஸ்எம்பிஎஸ் 3,400. பிளக் மாற்றி 600. கூலர் 900. நைலான் கால், தெர்மல் பேஸ்ட், விசிறி மாற்றி 200. மொத்தம் 7,900. கையில் மிச்சம் 600 ரூபாய்.

இப்போது ஜிடிஏ 5 வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. புது கேம்கள் சிலவற்றில் திணறல் உண்டு, அங்கே தடுப்பது கார்டு அல்ல, நான்கே திரெட் உள்ள பிராசஸர். பிறகு ஐ7-4790 மலிவாகக் கிடைத்தால் இதே போர்டில் போடலாம், எட்டு திரெட்.

அப்படியானால் பெட்டி மாற்றியது சரியா? நேர்மையாகச் சொன்னால், தேவையே இருந்திருக்காது. இதே 9020 டவர் மாடலாகவும் வந்தது. அதில் முழு உயரக் கார்டு போகும், சாதாரண அளவு எஸ்எம்பிஎஸ் உட்காரும், பிளக் மாற்றி மட்டும் போதும். ஒரு தலைமுறை முந்தைய 7010 டவரில் 24 முனை பிளக்கே இருக்கிறது, மாற்றிகூட வேண்டாம். ஒல்லி மாடல்தான் கையில் இருக்கிறது, கார்டு இன்னும் வாங்கவில்லை என்றால் ஜிடிஎக்ஸ் 1650-ன் பாதி உயர வகையைத் தேடுங்கள். 75 வாட், தனிக் கம்பி கேட்காத வகைகள் உண்டு. பெட்டியைத் தொடவே வேண்டாம்.

அதனால் வாங்கும் முன் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். போர்டுக்கு வரும் பிளக்கில் எத்தனை முனை, பின்பக்கத் தகட்டின் உயரம் எவ்வளவு, பயாஸில் பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு இருக்கிறதா. மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். பையன் அதைப் பார்க்காததற்குக் கொடுத்த விலை, கேபினெட்டும் கூலரும் சேர்த்து 3,700 ரூபாய்.

அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. மிச்சம் 600-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தான். "பரவாயில்லையே, மாமா கூட இருந்ததால மிச்சம் பிடிச்சிருக்கே" என்றாளாம்.