இரண்டு சுற்று மருந்துக்கு நடுவே பிள்ளை வீட்டில் இருக்கும் நாட்கள்



இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளை என்றதும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நம் கண்முன் வருகிறது. ஆனால் இரண்டு, மூன்று வருடம் நீளும் இந்தச் சிகிச்சையில் பிள்ளை பெரும்பாலான நாட்களைக் கழிப்பது வீட்டில். அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் ஓர் அறையாக இருக்கலாம். திருவள்ளூரைச் சுற்றிய கிராமமாகவும் இருக்கலாம். மருந்து ஏற்றும் இடமோ சென்னையில்: எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அல்லது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரைக்குமே ரயிலில் 45 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. அதில் புற்றணு எது, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் நல்ல அணு எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே பல மருந்துகளில், ஏற்றிய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடுகின்றன. மூன்று நான்கு வாரத்தில் அவை மறுபடி ஏறிய பிறகே அடுத்த சுற்று. அதாவது, பிள்ளை மிகவும் பலவீனமாக இருக்கும் நாட்களில் பெரும்பாலும் பக்கத்தில் நர்ஸ் இல்லை, தாய்தான் இருக்கிறாள்.

வெள்ளை அணுக்களில் கிருமியோடு முதலில் போராடுவது நியூட்ரோஃபில். இரத்தப் பரிசோதனையில் அது 500-க்குக் கீழே போனால், புண் இருந்தாலும் சீழ் பிடிக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள்தானே! வீக்கமும் சிவப்பும்கூடச் சரியாகத் தெரியாது. அநேகமாகக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சில மணி நேரத்துக்குள் கிருமி இரத்தத்தில் பரவி உயிரையே எடுத்துவிடக்கூடும்.

ஆகையால் அந்த வீட்டில் முதலாவது இருக்க வேண்டியது ஒரு தெர்மாமீட்டர். பொதுவாக 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. சிரப் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்ப்பதும், தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி போட்டுக்கொள்வதும் நம் பக்கத்து வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஆபத்து. சிரப் காய்ச்சலை மறைத்துவிடும்; தட்டணு குறைந்த பிள்ளைக்குச் சதையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கசியும். சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்து, புறப்பட வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே மருத்துவர்களின் கணக்கு. இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தால்? 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனாலும் அந்த நேரத்தில் கையில் ஆட்டோவுக்குப் பணம் இல்லாத தகப்பன் விடியும்வரை யோசிக்கிறான். 2012-ல் வந்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைச் செலவில் பெரிய தாங்கல். போக்குவரத்தும் போன ஷிப்டுக் கூலியும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீர், அப்போதே சமைத்த சூடான இட்லி, ரசம் சாதம், நன்றாக வெந்த முட்டை, கழுவித் தோலுரித்த பழம். பழைய சோறும், காலையில் அரைத்து மாலைவரை வைத்த தேங்காய்ச் சட்னியும், கடை ஜூஸும் வேண்டாம். பப்பாளி இலைச்சாறு முதலான நாட்டு மருந்துகளை மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வாய்ப்புண்ணுக்கு மெதுவான பிரஷ், உப்புநீர்க் கொப்பளிப்பு. உருக்காலையிலிருந்து வரும் தகப்பன் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். காது குத்துவது, பல் பிடுங்குவது, தடுப்பூசி எல்லாம் கேட்டுத்தான். தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து போடும் முன்பும் கேட்க வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள கிருமி. அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்து பிள்ளை அங்கே போயிருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

சபையாருக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்து பத்துப் பேராகப் போய், தலையில் கைவைத்து ஜெபிப்பது அன்புதான். அந்த 7 முதல் 14 நாட்களில் வாசலிலிருந்தே ஜெபியுங்கள். சளி இருப்பவர்கள் போனில் ஜெபியுங்கள். சமைக்கிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒருவேளைச் சூடான சாப்பாடு கொண்டுபோனால் அந்தத் தாய் ஒரு மணி நேரம் தூங்குவாள்.

இன்னொரு ஆபத்து நல்ல நாட்களில் வருகிறது. முடி முளைத்து, பிள்ளை தெருவில் ஓட ஆரம்பித்ததும், 'குணமாகிவிட்டது, எதற்கு மறுபடி சென்னை?' என்று பாட்டி கேட்பாள். அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பதால்தான் மாதக்கணக்கில் தினமும் இரவு மெர்காப்டோபியூரின் மாத்திரை தருகிறார்கள். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் ஏறுகிறது. திரும்பிய நோய்க்கு மருந்து கடினம். முழுவதும் முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சிப்காட் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் உண்டு. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு அவர்களுக்குப் புரியாது. ஒடியாவோ இந்தியோ எழுதத் தெரிந்தவர் உங்கள் சபையில் இருந்தால், காய்ச்சல் எண் 100.4, மருத்துவமனையின் போன் எண், அடுத்த சுற்றின் தேதி, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.